திருப்பூரா, சென்னையா: ஆர்ட்டிகிள்ஷிப்பை எங்கே செய்வது?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு மாணவி, சிஏ படிப்பில் ஒரு ஆடிட்டரிடம் கட்டாயமாக எடுக்க வேண்டிய பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப்பைப் பற்றிக் கேட்டிருக்கும் கேள்வி இது: "சிஏ இன்டர் இரண்டு குரூப்பும் பாஸ் செய்துவிட்டேன். வீட்டில் திருப்பூரிலோ ஈரோட்டிலோ ஒரு ஆடிட்டர் ஆபீஸில் சேரச் சொல்கிறார்கள். கூடப் படித்தவர்கள் சென்னை, பெங்களூரு போய்ப் பெரிய நிறுவனங்களில் சேர்கிறார்கள். ஊர்ப் பக்கமே சேர்ந்தால் இரண்டு வருடமும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டே போய்விடும் என்கிறார்கள். உண்மையா?"

போய்விடவும் வாய்ப்பு இருக்கிறது. அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. நான் கோவையில் ஆர்ட்டிகிள்ஷிப் முடித்தவன், இப்போது திருப்பூரில் ஆபீஸ் வைத்திருக்கிறேன், என்னிடமும் மாணவர்கள் பயிற்சியில் இருக்கிறார்கள். அதனால் என் பேச்சில் இந்தப் பக்கத்துச் சாய்வு இருக்கத்தான் செய்யும். அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

ஊரை வைத்தோ, ஆபீஸின் பெயரை வைத்தோ முடிவு செய்யாதீர்கள் என்பதுதான் என் கருத்து. இரண்டு விஷயங்களைக் கேட்டுப் பாருங்கள். கணக்கு எந்தச் சரக்கைப் பற்றிப் பேசுகிறதோ, அந்தச் சரக்கு இருக்கும் இடத்துக்கு உங்களை அனுப்புவார்களா? ஆடிட்டில் பார்த்ததை நீங்கள் எழுதி வைக்கும் வேலைத்தாளை உட்கார்ந்து படித்துக் கேள்வி கேட்க ஒருவர் இருக்கிறாரா? இரண்டுக்கும் ஆமாம் என்றால், அவிநாசி ரோட்டில் மாடி ஏறிப் போகும் சின்ன ஆபீஸிலும் நல்ல ஆடிட்டர் உருவாகலாம். இரண்டுக்கும் இல்லை என்றால் எவ்வளவு பெரிய பெயரும் உதவாது.

சிஏ படிப்பை நடத்தும் இன்ஸ்டிட்யூட் (ஐசிஏஐ) 2023 ஜூலையில் கொண்டுவந்த புதிய திட்டத்தில் பயிற்சிக் காலம் மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. என் காலத்தில் முதல் வருடம் பழகிக்கொள்ளவும், இரண்டாவது வருடம் வேலை செய்யவும், மூன்றாவது வருடம் தனியாக ஒரு ஆடிட்டைப் பார்க்கவும் நேரம் இருந்தது. இப்போது அந்த அவகாசம் கிடையாது. ஆறு மாதம் வீணானால் பயிற்சியில் கால்வாசி போச்சு. அதனால்தான் சேரும் இடத்தைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

முதல் சில மாதங்கள் எந்த ஆபீஸிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போகும். மாதம் 7ஆம் தேதி டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போது பிடித்த வரி) கட்ட வேண்டும், 11ஆம் தேதி விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1, 14ஆம் தேதி சப்ளையர்கள் பதிந்த பில்களின் பட்டியலான 2பி வரும், 20ஆம் தேதி வரி கட்டும் ரிட்டர்னான 3பி. இந்தத் தேதிகள் உங்களுக்குப் பஞ்சாங்கம் போல மனப்பாடம் ஆகிவிடும். டேலி கணக்கு மென்பொருளில் இருக்கும் பர்ச்சேஸையும் 2பியில் வந்திருக்கும் பில்லையும் வரிசையாக ஒத்துப் பார்க்கச் சொல்வார்கள். சலிப்பாக இருக்கும். ஆனால் இந்த வேலையைக் கேவலமாக நினைக்காதீர்கள். ஒரு பில் 2பியில் வரவில்லை என்றால் அதன் பின்னால் ஒரு காரணம் இருக்கும்: சப்ளையர் ரிட்டர்ன் போடவில்லை, ஜிஎஸ்டி நம்பரை மாற்றிப் போட்டுவிட்டார், அல்லது சரக்கே வராமல் பில் மட்டும் வந்திருக்கிறது. கடைசிக் காரணத்தை மோப்பம் பிடிக்கக் கற்றுக்கொள்ளும் இடமே இந்தச் சலிப்பான வேலைதான். ஒத்துப் போகாத வரியைச் சும்மா "பெண்டிங்" என்று எழுதி வைக்காமல், ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுப் பதில் எழுதுங்கள். நான்கு மாதம் இப்படிச் செய்தவரையும், நான்கு மாதம் வெறுமனே எக்செல்லில் தேய்த்தவரையும் பக்கத்தில் உட்கார வைத்தால் ஐந்து நிமிடத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இனி இந்த ஊருக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். திருப்பூர் பனியன் தொழிலில் ஒரு கம்பெனியின் சரக்கு அந்தக் கம்பெனிக்குள் இருப்பது குறைவு. நூல் வாங்கி நிட்டிங்குக்கு அனுப்புவார்கள். துணி அங்கிருந்து சாயப்பட்டறைக்குப் போகும். பிறகு காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காதபடி அழுத்திச் சீராக்குவது), பிரிண்டிங், எம்பிராய்டரி. ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொரு ஊரில், ஒவ்வொரு முதலாளியிடம். சரக்கு டீசி (டெலிவரி சலான்) போட்டுத்தான் நகரும். பில் எல்லாம் பிறகு. ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்கு வேலை செய்து தர, அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வர வேண்டும், வராவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதப்படும் என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவு சொல்கிறது. புத்தகத்தில் அது ஒரு பத்தி. இங்கே ஒரு டீசி புக்கைக் கையில் எடுத்தால்தான் அந்தப் பத்தி எதற்காக எழுதப்பட்டது என்று புரியும்.

ஒரு மார்ச் 31. ஏற்றுமதி செய்யும் ஒரு யூனிட்டில் ஸ்டாக் எண்ணுவதை உடனிருந்து பார்க்க, என் ஆபீஸிலிருந்து முதல் வருட மாணவி ஒருவர் போயிருந்தார். குடோனில் இருந்த ரோல்களை எண்ணியாயிற்று, கட்டிங்கில் இருந்ததை எழுதியாயிற்று. "சாயப்பட்டறையில் இருக்கும் துணி" என்ற வரிக்கு நேராகக் கம்பெனி கொடுத்த பட்டியலில் "இல்லை" என்று இருந்தது. மாணவி ஸ்டோரில் டீசி புக்கைக் கேட்டார். ஸ்டோர்க்காரர், "அதெல்லாம் வந்துருச்சுங்க கண்ணு, பில்லுதான் வரோணும்" என்றார். வந்துவிட்டது என்றால் இன்வர்ட் சீட்டு இருக்க வேண்டுமே? மாணவி டீசி நம்பரையும் இன்வர்ட் ரிஜிஸ்டரையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். மூன்று டீசிக்கு உள்ளே வந்த பதிவே இல்லை. சாயப்பட்டறைக்குப் போன் போட்டால், "நாங்க அனுப்பி ஒரு வாரம் ஆச்சுங்க" என்கிறார்கள். துணி எங்கே? சாயப்பட்டறையிலிருந்து நேராகக் காம்பாக்டிங்குக்குப் போய்விட்டது. அதற்குச் சாயப்பட்டறைக்காரர் போட்ட டீசி இன்னும் கம்பெனிக்கு வந்து சேரவில்லை. அதாவது துணி கம்பெனியுடையது, கிடப்பது வேறொருவர் இடத்தில், கணக்கில் எங்கேயும் இல்லை.

மறுநாள் காலை காம்பாக்டிங் யூனிட்டுக்கே போய், ரோலில் ஒட்டியிருந்த சீட்டில் லாட் நம்பரைப் பார்த்து, சாயப்பட்டறை டீசியோடு சேர்த்து, எடையைக் குறித்துக்கொண்டு, அந்த யூனிட்டிடம் எழுத்தில் உறுதிக் கடிதமும் வாங்கி வந்தார். எடை எடுக்கும்போது பாலித்தீன் கவரையும் உள்ளே இருக்கும் குழாயையும் கழிக்கச் சொன்னதும் அவரேதான். அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. குடோனில் முதல் நாள் பார்த்ததை வைத்துக் கேட்டிருக்கிறார்.

அந்த மூன்று டீசி எதையெல்லாம் மாற்றியது என்று பாருங்கள். இறுதிச் சரக்கு கூடியது, அதனால் லாபம் கூடியது, அதனால் வரி கூடியது. பேங்குக்குக் கொடுத்திருந்த ஸ்டாக் ஸ்டேட்மெண்ட்டோடு கணக்கு ஒத்துப் போகவில்லை என்ற கேள்வியும் வந்தது. 5 கோடிக்கு மேல் நடைமுறை மூலதனக் கடன் வரம்பு உள்ள கம்பெனி என்றால், பேங்குக்குக் கொடுத்த காலாண்டு அறிக்கையும் கணக்கும் ஒத்துப் போகிறதா என்று காரோ 2020 என்ற கம்பெனி ஆடிட் அறிக்கை உத்தரவின்படி ஆடிட்டர் எழுதியாக வேண்டும். மூன்றாம் நபரிடம் இருக்கும் சரக்கைப் பற்றி எஸ்ஏ 501 என்ற ஆடிட் தர விதி சொல்வதை அந்த மாணவி இனிப் படித்து ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய தேவையே இல்லை.

இது திருப்பூருக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். கொங்கு நாட்டில் ஊருக்கு ஊர் தொழில் மாறும், தொழிலுக்குத் தொழில் கணக்கின் முடிச்சு மாறும். கோவையில் பவுண்டரி என்றால் உருக்கும்போது எவ்வளவு எரிந்து போகிறது என்பதில்தான் எல்லாமே. நூல் மில்லில் கழிவுப் பஞ்சு. நாமக்கல் கோழிப்பண்ணையில் செத்த கோழிக் கணக்கும் தீவனக் கணக்கும் ஒன்றுக்கொன்று பேச வேண்டும். திருச்செங்கோடு போர்வெல் வண்டி வட மாநிலத்தில் ஓடிக்கொண்டிருக்கும், டீசல் செலவுக்கும் ஆள் கூலிக்கும் சீட்டு இங்கே மூட்டையாக வரும்; ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது செலவாக ஏற்கப்படாது என்ற விதியை அந்த மூட்டையைப் பிரித்துத்தான் கற்றுக்கொள்வீர்கள். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் விரலி, கிழங்கு என்று தரம் பிரித்து விலை போகும். விவசாயி விற்பதும் வியாபாரி விற்பதும் வரியில் வேறு வேறு. கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி, கூடவே பஸ் பாடி கட்டும் தொழில். ஒரு நடுத்தர ஆபீஸில் இவற்றில் மூன்று நான்கையாவது இரண்டு வருடத்தில் தொட்டுவிடலாம்.

2024ஐ ஒட்டி இங்கே எல்லா ஆபீஸிலும் பேசப்பட்டது வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு. சிறு, குறு நிறுவனங்களிடம் வாங்கிய சரக்குக்கு 15 நாளில், ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கும் வருடத்தில்தான் அதைச் செலவாகக் கழிக்க முடியும். மூன்று மாதக் கடன் சகஜமாக ஓடும் ஊரில் இது என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மாணவர்களுக்கு அந்த மார்ச்சில் கொடுத்த வேலை, கிரெடிட்டர் பட்டியலைப் பிரிப்பது: யாரிடம் உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) இருக்கிறது, அவர் குறு நிறுவனமா சிறு நிறுவனமா, அதற்கு மேலா, உற்பத்தியாளரா வெறும் வியாபாரியா. வியாபாரிக்கு இந்த விதி பொருந்தாது. அந்தப் பிரிவைச் சொல்லாகப் படித்தவர்களுக்கும், நூறு சப்ளையருக்குப் போன் போட்டு உத்யம் சான்று வாங்கிப் பிரித்தவர்களுக்கும் ஒரே புரிதல் இருக்காது. இப்போது 1961ஆம் வருடச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் வருடத்து வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் எல்லாம் மாறுகின்றன. எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவர்களுக்குத்தான் அதில் சிரமம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்னையில் சேர்பவர்களுக்கு இது இந்த அளவுக்கு வராது. நம் பக்கம் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். நீங்கள் ஆடிட் பார்க்கும் கம்பெனியின் போட்டிக்காரர் உங்கள் பெரியப்பாவாக இருப்பார். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, "அம்மணி, நீ அவங்க கணக்குதானே பாக்கற, வருசத்துக்கு எவ்வளவு ஓடுது?" என்று யாராவது பாசமாகத்தான் கேட்பார்கள். அந்த இடத்தில் சிரித்துக்கொண்டே, "அது எனக்குத் தெரியாதுங்க மாமா" என்று சொல்லிப் பழகுங்கள். கிளையண்ட் ரகசியத்தை வெளியில் சொல்வது 1949ஆம் வருடத்து சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட்ஸ் சட்டத்தின்படி ஆடிட்டர் மேல் நடவடிக்கை எடுக்கத்தக்க தவறு. அதைவிட முக்கியம், ஒரு முறை வாய் தவறினால் அந்தப் பேச்சு உங்களுக்கு முன்னால் ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். உங்கள் சொந்தக்காரர் கம்பெனி ஆடிட்டில் உங்களைப் போட்டால், முதல் நாளே சீனியரிடம் சொல்லி வேறு வேலை கேளுங்கள்.

பெரிய நிறுவனங்களில் கிடைப்பது என்ன என்பதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். லிஸ்டட் (பங்குச் சந்தையில் உள்ள) கம்பெனி ஆடிட், பெரிய கம்பெனிகளுக்கான இண்ட் ஏஎஸ் கணக்கு முறை, ஒழுங்கான வேலைத்தாள் முறை, ஆங்கிலத்தில் எழுதவும் பேசவும் தினசரிப் பழக்கம், அப்புறம் வேலை தேடும்போது பயோடேட்டாவில் அந்தப் பெயர். இவை பெரிய லாபங்கள். பின்னால் பெரிய கம்பெனியில் பைனான்ஸ் வேலைக்குப் போவதுதான் உங்கள் ஆசை என்றால் சென்னை, பெங்களூருக்குப் போங்கள், நான் தடுக்க மாட்டேன். கோவையிலேயே அப்படிப்பட்ட நிறுவனங்களின் அலுவலகங்களும், லிஸ்டட் மில்களையும் இன்ஜினியரிங் கம்பெனிகளையும் பார்க்கும் பழைய ஆபீஸ்களும் உண்டு, அங்கேயும் விசாரியுங்கள். குறை என்னவென்றால், பெரிய ஆடிட்டில் உங்கள் பங்கு சின்னதாக இருக்கும். ஒரு வருடம் முழுக்க நிலையான சொத்துப் பட்டியலை மட்டும் பார்த்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன். ஊர் ஆபீஸில் வவுச்சர் பார்ப்பதிலிருந்து பேலன்ஸ் ஷீட் கையெழுத்தாகி யுடிஐஎன் என்ற ஆவண அடையாள எண் எடுக்கும் வரை ஒரு கிளையண்டை முழுதாகப் பார்ப்பீர்கள். முதலாளியே எதிரில் உட்கார்ந்து, "இந்த வரி ஏன் இவ்வளவு வருதுங்க?" என்று கேட்பார், நீங்கள் பதில் சொல்ல வேண்டும். பின்னால் சொந்த ஆபீஸ் வைக்க நினைப்பவர்களுக்கு இது போல வேறு பயிற்சி கிடையாது.

ஆபீஸைப் பார்க்கப் போகும்போது ஆடிட்டரிடம் மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். அங்கே இருக்கும் மாணவர் ஒருவரோடு டீ குடித்துவிட்டு வாருங்கள். கடைசியாக எந்தக் கிளையண்ட் இடத்துக்குப் போனாய், ஏப்ரலில் பேங்க் பிராஞ்ச் ஆடிட் வருமா, செப்டம்பர் டாக்ஸ் ஆடிட்டில் படிவத்தை நீ நிரப்பினாயா, நிரப்பியதை யார் பார்த்தார்கள், தப்பு என்றால் விளக்குவார்களா இல்லை திட்டுவார்களா, எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறாய் என்று கேளுங்கள். பெண் பிள்ளைகள் வெளியூர் ஆடிட்டுக்குப் போனால் வண்டி ஏற்பாடு உண்டா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். வீட்டில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். விதிப்படி வேலை நேரம் வாரத்துக்கு 35 மணி நேரம், லீவு வருடத்துக்கு 12 நாள். செப்டம்பரில் 35 மணி நேரம் எங்கேயும் நடக்காது, அதை எதிர்பார்த்தே சேருங்கள். வருடம் முழுக்க செப்டம்பர் மாதிரியே ஓடும் ஆபீஸ் என்றால் வேண்டாம். உதவித்தொகை ஊரின் மக்கள்தொகையையும் எத்தனையாவது வருடம் என்பதையும் பொறுத்துக் குறைந்தபட்சம் இவ்வளவு என்று இன்ஸ்டிட்யூட் நிர்ணயித்திருக்கிறது. அது உங்கள் பேங்க் கணக்குக்கு வர வேண்டும். பெரிய தொகை இல்லைதான். கோபியிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போனால் பாதி அதிலேயே போய்விடும். திருப்பூரில் ஹாஸ்டலில் தங்குவது உடம்புக்கும் படிப்புக்கும் நல்லது.

டம்மி ஆர்ட்டிகிள்ஷிப் பற்றி யாராவது உங்களிடம் பேசுவார்கள். பெயருக்குப் பதிவு செய்துகொண்டு, ஆபீஸ் பக்கமே போகாமல் இரண்டு வருடமும் பரீட்சைக்குப் படிப்பது. தயவுசெய்து அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். மாட்டினால் மாணவர், ஆடிட்டர் இருவர் மேலும் நடவடிக்கை வரும். மாட்டாமல் பாஸ் செய்தாலும், டீசி புக்கைத் தொடாத ஒருவர் ஒரு கம்பெனிக் கணக்கு உண்மையும் நியாயமுமாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கையெழுத்தை நம்பித்தான் பேங்க் கடன் கொடுக்கிறது.

படிப்புக்கு நேரம் கிடைக்குமா என்ற கவலை எல்லாருக்கும் உண்டு. பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் பைனல் எழுத முடியும் என்பதால் கடைசி நேரப் படிப்புக்கு இடம் இருக்கிறது. ஆனால் நாலு செட் எஸ்பிஓஎம் (அவரவர் வேகத்தில் ஆன்லைனில் படித்து எழுதும்) தாள்களைப் பயிற்சியின்போதே முடித்துவிடுங்கள். டாக்ஸ் பாடத்தைத் தனியாகப் படிக்காமல், அன்றன்று ஆபீஸில் வந்த பிரிவை ராத்திரி அரை மணி நேரம் சட்டத்திலேயே எடுத்துப் படித்தால் போதும்.

கடைசி வருடத்தில் ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் ஒரு தொழில் நிறுவனத்துக்குள் போய்ப் பயிற்சி எடுக்கவும் வழி உண்டு. சென்னை ஆசை விடவில்லை என்றால் முதல் வருடம் இங்கே அடித்தளத்தைப் போட்டுவிட்டு, இரண்டாவது வருடத்தில் ஒரு பெரிய கம்பெனிக்கு அப்படிப் போகலாம். உங்கள் ஆடிட்டரின் சம்மதம் வேண்டும், அதனால் சேரும்போதே பேசிவிடுங்கள். நடுவில் ஆபீஸ் மாறுவது அவ்வளவு சுலபம் இல்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஐசிஐடிஎஸ்எஸ் என்ற கணினி, அலுவலகத் திறன் வகுப்புகளை முடிக்காமல் பயிற்சியைத் தொடங்க முடியாது. ரிசல்ட் வந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பதிவதால் இடம் சீக்கிரம் நிரம்பும். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் என நான்கு ஊரிலும் இன்ஸ்டிட்யூட் கிளை இருக்கிறது, எதில் முதலில் இடம் கிடைக்கிறதோ அங்கே பதிந்துவிடுங்கள். ஒரு ஆடிட்டர் எத்தனை மாணவர்களை எடுக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு, அதனால் வகுப்பு நடக்கும்போதே மாலை நேரத்தில் இரண்டு மூன்று ஆபீஸ்களுக்குப் போய்ப் பேசுங்கள். சேர்ந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பயிற்சிப் பதிவுக்கான படிவம் 103 பதிவாக வேண்டும். அதை ஆபீஸ் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாமல், போர்ட்டலில் பதிவாகிவிட்டதா என்று நீங்களே திறந்து பாருங்கள்.